கடலும் நிலமும் ஓர் இலையில்: தமிழ்ச் சமையலறையில் மீனும் இறைச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

கடல் உணவையும் நில விலங்கின் இறைச்சியையும் ஒரே தட்டில் இணைக்கும் மேலை விருந்து முறை இன்று சென்னை இல்லங்களில் சமைத்துப் பார்க்கப்படுகிறது. மேலை உணவு மரபில் அது ஓர் எல்லையைக் கடக்கும் உணவு. தமிழ் உணவு மரபிலோ அந்த எல்லை வேறோர் இடத்தில் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆற்றுப்படை நூல்கள், பட்டினப்பாலை, 19ஆம் நூற்றாண்டுச் சென்னையில் வெளியான ஆங்கிலச் சமையல் நூல், கோடம்பாக்கத்தின் இன்றைய உணவு வழக்குகள் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை அவ்வேறுபாட்டை ஆராய்கிறது. திணைகளை உணவுப் பட்டியல்களாக வாசிக்கும் போக்கையும் அதனோடு மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச்சொற்கள்: திணை, கருப்பொருள், திணை மயக்கம், அசைவம், விருத்த உணவு, கோடம்பாக்கம், சிங்க இறால்.

முன்னுரை

அமெரிக்க உணவகங்களில் 1960களில் பெயர்பெற்ற விருந்து ஒன்றுண்டு. சிங்க இறாலின் வாற்பகுதியையும் மாட்டிறைச்சித் துண்டையும் ஒரு தட்டில் வைத்து, உருக்கிய வெண்ணெயுடன் பரிமாறுவர். ‘சர்ஃப் அண்ட் டர்ஃப்’ என்பது அதன் பெயர். கடலலையும் புல்தரையும் என அதற்குப் பொருள் கொள்ளலாம். நட்சத்திர விடுதிகளின் வழியே அறிமுகமான இவ்விருந்து இப்போது வீட்டுச் சமையலுக்கும் வந்துவிட்டது. கோடம்பாக்கம் போன்ற பகுதிகளில் மாட்டிறைச்சியின் இடத்தை ஆட்டிறைச்சியும் சிங்க இறாலின் இடத்தைச் சாதாரண இறாலும் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன.

இதனை மேலைநாட்டு இறக்குமதி என்று தள்ளிவிடுவது எளிது. சங்கப் பாடல் ஒன்றைச் சுட்டி, நம்மிடம் இது முன்பே இருந்தது என்று பெருமை கொள்வது அதனினும் எளிது. இரண்டுமே ஆய்வுக்குப் பயன்படுவன அல்ல. மீனும் இறைச்சியும் சேர்வது ஒரு பண்பாட்டில் ஏன் வியப்பாகவும் மற்றொன்றில் ஏன் இயல்பாகவும் தோன்றுகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

திணையும் உணவும்

தமிழ் உணவு வரலாற்றை எழுதுவோர் பலர் ஐந்திணைப் பகுப்பிலிருந்தே தொடங்குகின்றனர். குறிஞ்சிக்குத் தினையும் தேனும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்திற்கு நெல்லும், நெய்தலுக்கு மீனும் என்று ஓர் அட்டவணை தரப்படும். ஒவ்வொரு நிலத்தாரும் தத்தம் நிலத்து விளைவையே உண்டு வாழ்ந்தனர் என்ற முடிவு அதிலிருந்து பெறப்படும். பாடநூல்களிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் இம்முடிவு திரும்பத் திரும்ப வருகிறது. மூல நூல்கள் இதற்கு இடந்தரவில்லை என்பதே என் கருத்து.

முதலாவதாக, தொல்காப்பியம் உணவைக் கருப்பொருள்களுள் ஒன்றாகத் தெய்வத்தை அடுத்து வைக்கிறது. ஆயினும் உரிப்பொருள் தவிர ஏனையவை தத்தம் திணையைக் கடந்து வருவதை அது விலக்கவில்லை. ஆகவே இலக்கணப்படியே உணவு மயங்கக்கூடியது. இரண்டாவதாக, நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் நெய்தலின் உணவைக் கூறும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. அந்நூல் மீனையும் உப்பையும் நெய்தலின் உணவாகக் கூறவில்லை. அவற்றை விற்றுப் பெற்ற பொருளையே உணவாகக் கூறுகிறது. அட்டவணை தயாரிப்போர் இவ்விடத்தில் ‘விற்று’ என்பதை விட்டுவிட்டு மீனை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். ஒரு சொல்லை விடுவதால், கடலோர மக்களின் வணிகம் முழுவதும் வரலாற்றிலிருந்து விடுபட்டுவிடுகிறது.

பொருநராற்றுப்படையின் பண்டமாற்றுக் காட்சியும் இதற்குத் துணை நிற்கிறது. தேனும் கிழங்கும் கொண்டுவந்தோர் மீன் நெய்யும் நறவும் பெற்றுச் செல்கின்றனர்; கரும்பும் அவலும் கொண்டுவந்தோர் மானிறைச்சியும் மதுவும் பெறுகின்றனர். மலையின் பொருள் கடலுக்கும் வயலின் பொருள் காட்டுக்கும் செல்வதைப் புலவர் நாட்டு வளத்தின் அடையாளமாகவே பாடுகிறார்.

தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனை வழிப்படுத்தும்போது, வழியில் ஒவ்வொரு குடியிலும் கிடைக்கும் உணவைச் சொல்லிச் செல்கிறார். வலைஞர் குடியில் சுட்ட மீன் கிடைக்கிறது. உழவர் குடியில் நெற்சோற்றோடு கோழிப் பொரியல் கிடைக்கிறது. இதுவரை அட்டவணைக்கு ஒத்து வருகிறது. ஆனால் கடற்கரைப் பட்டினத்தில் கிடைப்பது பன்றியின் கொழுத்த தசை. குழியில் அடைத்து மாவூட்டி வளர்த்த ஆண்பன்றி அது. அலை வந்து மோதும் இடத்தில் விருந்தினனுக்கு நில விலங்கின் இறைச்சி பரிமாறப்படுகிறது. துறைமுகத்தில் செல்வம் குவிகிறது; செல்வம் குவிந்த இடத்தில் எந்த நிலத்து உணவும் கிடைக்கும். பக்கத்து ஓய்மாநாட்டைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் மருத நிலத்து ஆமூர் விருந்து சோற்றோடு நண்டைச் சேர்த்துத் தருகிறது. நீர்வாழ் உயிரை உண்ணக் கடற்கரைக்குத்தான் செல்ல வேண்டும் என்ற நிலை அன்றும் இல்லை.

கள்ளங்காடியின் முற்றம்

அதே புலவர் பாடிய பட்டினப்பாலையில் இரு இடங்கள் இக்கட்டுரைக்கு நேரடியாகப் பயன்படுவன. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் உண்டு விளையாடும் காட்சி ஒன்று. அங்கே கடலின் இறாலைச் சுட்டும், வயலின் ஆமையைப் புழுக்கியும் உண்கின்றனர். புலவர் இரண்டையும் அடுத்தடுத்த அடிகளில் வைத்து, ஒன்றைக் கடலுக்கும் மற்றதை வயலுக்கும் உரியதாக அடைமொழி கொடுத்தே குறிப்பிடுகிறார். சமைக்கும் முறையும் வேறுபடுத்தப்படுகிறது. இறாலுக்கு நேரடி நெருப்பு. ஆமைக்கு நீரில் நெடுநேர வேக்காடு. சமையல் தெரிந்தவர் எவரும் இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிவர். இறால் சில நிமிடங்களில் வெந்துவிடும். பொழுது தாழ்ந்தால் தோல் போல் இறுகிவிடும். தசை கெட்டியான விலங்குக்கு அந்த வேகம் உதவாது.

இரண்டாவது காட்சி கள் விற்கும் மனையின் முற்றம். அங்கே மீனும் இறைச்சியும் ஒன்றாக நறுக்கப்பட்டுப் பொரிக்கப்படுகின்றன. பொரியும் ஓசை முற்றத்தை நிறைக்கிறது. கடை முகப்பில் கொடி பறக்கிறது. பலரும் வந்து புகுகின்றனர். இது வீடன்று, கடை. மீனும் இறைச்சியும் ஒரே அடுப்படியில் சந்திப்பதைத் தமிழ் இலக்கியம் பொதுவிடத்தில்தான் தெளிவாகக் காட்டுகிறது. இல்லத்தின் அட்டில் பற்றிய காட்சிகளில் இச்சேர்க்கை இவ்வளவு வெளிப்படையாக இல்லை. 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பின்னரே இக்காட்சிகள் பரவலான வாசிப்புக்கு வந்தன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எல்லை எங்கே உள்ளது

இடைக்காலத்தை விரைந்து கடந்துவிடலாம். ஒன்றை மட்டும் சுட்டுவது போதும். திருக்குறளின் 26ஆம் அதிகாரமாகிய புலால் மறுத்தல் தொடங்கி, சமண, பௌத்த, சைவ மரபுகள் ஊனுணவை மறுத்தபோது மீனையும் விலங்கிறைச்சியையும் வேறுபடுத்தவில்லை. புலால் என்ற சொல்லே மீனின் நாற்றத்தையும் தசையின் நாற்றத்தையும் ஒருங்கே குறிக்கும். பிற்காலத்தில் ‘அசைவம்’ என்ற எதிர்மறைச் சொல் இவையனைத்தையும் ஒரே கூடையில் இட்டது. மறுப்பவரின் பார்வையில் உருவான வகைப்பாடு இது. உண்பவரும் அதையே தம் மொழியாக ஏற்றுக்கொண்டனர்.

ஐரோப்பாவில் எல்லை வேறு இடத்தில் விழுந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் விரத நாட்களில் விலங்கிறைச்சி விலக்கப்பட்டது, மீன் அனுமதிக்கப்பட்டது. பல நூற்றாண்டுகளாக மீன் விரதத்தின் உணவாகவும் இறைச்சி விழாவின் உணவாகவும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அங்கே ஒரு மீறலின் சுவையைத் தருகிறது. எனினும் ஐரோப்பாவிலும் விதிவிலக்குகள் உண்டு. கத்தலான் சமையலில் கோழியையும் சிங்க இறாலையும் ஒரே பாத்திரத்தில் சமைக்கும் மரபுக்குக் ‘கடலும் மலையும்’ என்றே பெயர். நெய்தலும் குறிஞ்சியும் மயங்கிய உணவு என்று நாம் அதைச் சொல்லலாம். போர்த்துகீசியர் பன்றியிறைச்சியைச் சிப்பியோடு சமைப்பர். ஆங்கிலேயர் மாட்டிறைச்சியையும் கடற்சிப்பியையும் மாவுறைக்குள் வைத்து வேகவைத்தனர்.

கோடம்பாக்கத்திலும் சாந்தோமிலும் வாழும் தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்கால வழக்கு இவ்விரு வகைப்பாடுகளும் சந்திக்கும் இடமாகும். ஒருசந்தியும் சுத்தபோசனமும் என்று வழங்கும் விதியின்படி விலக்கப்படுவது இறைச்சி மட்டுமே. ஆயினும் தவக்காலத்தில் மீனையும் சேர்த்துக் கைவிடுவோர் பலர். திருச்சபையின் சட்டம் ஐரோப்பிய எல்லையைக் கொண்டுவந்தது. மக்கள் அதனைத் தமிழ் எல்லைக்கு நகர்த்தி வைத்துக்கொண்டனர்.

தமிழ் மரபில் மீனுக்கு உண்மையான எதிர்ப்பக்கம் பால். சரக சம்ஹிதை ஒன்றோடொன்று ஒவ்வாத விருத்த உணவுகளைப் பேசுமிடத்தில் மீனையும் பாலையும் சேர்த்து உண்பதைக் கடிந்து கூறுகிறது. இவ்விலக்கு மருத்துவ நூல்களைத் தாண்டி வீட்டு வழக்காக வேரூன்றியுள்ளது. மீன் சமைத்த நாளில் தயிர் கூடாது, மோர் கூடாது என்று சொல்லாத பாட்டிகள் சென்னையில் குறைவு. ஆட்டிறைச்சிக்கு இத்தடை இல்லை. பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி தவறாமல் வரும். வங்காளத்தில் தயிரிலேயே மீன் சமைக்கப்படுவதால் இது இந்தியா முழுமைக்கும் பொதுவான விதியன்று. தமிழ் வீட்டிலோ மீனும் இறைச்சியும் ஒரே இலைக்கு வந்தால் எழும் சிக்கல் அவ்விரண்டுக்கும் இடையில் இல்லை. சாப்பாட்டை முடித்து வைக்கும் மோரில் இருக்கிறது. மேலை விருந்தில் சிங்க இறாலுக்கு இன்றியமையாததாகக் கருதப்படும் உருக்கிய வெண்ணெய் இங்கே சிலரைத் தயங்க வைப்பதும் இதனால்தான். அவ்விருந்து நம்மிடம் இல்லாத எல்லையைக் கடந்து, நம்மிடம் உள்ள எல்லையில் கால் வைக்கிறது.

வரிசையாக்கப்பட்ட விருந்து

19ஆம் நூற்றாண்டுச் சென்னையில் மீனையும் இறைச்சியையும் முறைப்படி பிரித்து வைத்தது ஆங்கிலேயரின் விருந்து மேசை. இதற்குச் சிறந்த சான்று 1878இல் சென்னையில் வெளியான ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ என்னும் நூல். ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் இதை எழுதியவர் சென்னைப் படைப்பிரிவில் பணியாற்றிய ஆர்தர் ராபர்ட் கென்னி-ஹெர்பர்ட். முப்பது இயல்களும் முப்பது விருந்துப் பட்டியல்களும் கொண்ட இந்நூலில் சூப், மீன், துணை உணவு, பெரிய இறைச்சித் துண்டு என ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்திருந்து வருகிறது. ஒன்று எடுக்கப்பட்ட பின்னரே அடுத்தது மேசைக்கு வரும். எல்லாவற்றையும் ஒருங்கே பரப்பி வைக்கும் பழைய ஆங்கிலோ-இந்திய விருந்தையும், அதில் இடம்பெற்ற குழம்பு வகைகளையும் காலங்கடந்தவை என்று ஆசிரியர் கருதினார்.

இந்நூலில் தமிழ்ச் சமையல்காரர் ‘ராமசாமி’ என்ற பொதுப்பெயரால் சுட்டப்படுகிறார். மீனைத் தனியாகவும் இறைச்சியைத் தனியாகவும் உரிய நேரத்தில் ஆக்கி அனுப்பியது அவருடைய கை. நுங்கம்பாக்கத்திலும் அடையாற்றிலும் இருந்த தோட்ட வீடுகளில், வீட்டை விட்டுத் தள்ளியிருந்த சமையற்கட்டில் அவர் எதை எப்படிப் பார்த்தார், தம் வீட்டுக்குச் சென்று எதைச் சமைத்தார் என்பது நூலில் இல்லை. சமையற்கட்டின் குறைகளைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே இணைக்கப்பட்டிருந்தும், அதில் நின்று உழைத்தவருக்கு ஒரு சொந்தப் பெயர் கிடைக்கவில்லை.

அச்சிட்ட தமிழ்ச் சமையல் நூல்களிலும் இதற்கு விடை தேட முடியாது. 1951இல் வெளிவந்து பெருவழக்குப் பெற்ற எஸ்.மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ சைவ உணவு நூல். தமிழ் இல்லத்தின் மீனும் இறைச்சியும் அச்சுக்கு வெளியே, கைப்பழக்கமாகவே தொடர்ந்து வந்தன.

கோடம்பாக்கத்து இலை

1940களின் இறுதியில் ஏவி.எம். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இடம்பெயர்ந்ததும், தொடர்ந்து கோடம்பாக்கம்–வடபழனிப் பகுதியில் படப்பிடிப்புத் தளங்கள் பெருகியதும் அறிந்த வரலாறு. அதன் உணவுப் பக்கம் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. தெலுங்கு நாட்டிலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் மதுரை, செட்டிநாடு, கொங்குப் பகுதிகளிலிருந்தும் வந்து அறைகளில் தங்கிய தொழிலாளருக்கும் துணை நடிகருக்கும் சமையலறை இல்லை. மெஸ்தான் அவர்களுடைய அடுப்பு. மதுரை மாவட்டத்து வடக்கம்பட்டியை வேராகக் கொண்ட முனியாண்டி விலாஸ் உணவகங்களின் முறை, அசைவச் சாப்பாட்டுக்கு ஒரு பொது வடிவம் தந்தது.

அவ்வடிவத்தை உற்றுநோக்க வேண்டும். ஓர் இலை, ஒரு சோறு. அதன்மேல் கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு என்று வாளிகள் முறைமுறையாக வருகின்றன. பல இடங்களில் நண்டுக் குழம்பும் இறால் குழம்பும் சேரும். வேண்டுமானால் ஒருவர் ஆட்டுக்கறிக் குழம்புச் சோற்றின் பக்கத்தில் வறுத்த வஞ்சிரத்தை வைத்துக்கொள்ளலாம், யாரும் வியப்பதில்லை. வைவர்னின் மேசையில் தட்டு மாறும், உணவு மாறும். இங்கே இலை மாறுவதில்லை. சோற்றின் ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்குகிறது. அமெரிக்கத் தட்டைப் போல இரண்டும் ஒரே கணத்தில் வந்து நிற்பதும் இல்லை. வரிசையும் உண்டு, கலப்பும் உண்டு. கள் மனையின் முற்றத்துக்கும் இந்த மெஸ்ஸுக்கும் நேர்த்தொடர்ச்சி உண்டு என்று நான் கூறவில்லை. இரண்டுமே வீட்டுக்கு வெளியே உள்ள, பலர் புகும் இடங்கள் என்பது மட்டும் பொது.

படப்பிடிப்புத் தளத்தின் சாப்பாட்டில் படிநிலை இருந்ததையும், நடிகர் விஜயகாந்த் (1952–2023) அனைவருக்கும் ஒரே உணவு என்ற முறையைத் தம் தளங்களில் வற்புறுத்தியதையும் திரைத்துறையினர் பலர் நினைவுகூர்ந்துள்ளனர். எவருடைய இலைக்கு மீனும் கறியும் சேர்ந்து வரும் என்பது கோடம்பாக்கத்தில் சுவையைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருந்ததில்லை.

வீட்டடுப்பு

வீட்டில் இரண்டும் ஏன் ஒருநாளில் சேர்வதில்லை? விலை முதற்காரணம், கறி எடுக்கும் ஞாயிற்றுக்கிழமையில் மீனும் வாங்குவது நடுத்தர வீட்டுக்கு மிகை. அடுத்தது பாத்திரம். புளி சேர்ந்த மீன்குழம்புக்கு மண்சட்டி தனியே வைக்கப்பட்டிருக்கும்; அதில் வேறெதுவும் சமைப்பதில்லை. மூன்றாவது நேரம். ஆட்டிறைச்சிக்கு நீண்ட வேக்காடு வேண்டும். மீன் கொதி வந்து சில நிமிடங்களில் இறக்கப்பட வேண்டும்.

பழைய விறகடுப்பு இந்த நேரச்சிக்கலைத் தன்னளவில் தீர்த்துவைத்திருந்தது. முதன்மை அடுப்பில் கறி வேக, அதன் வெப்பத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கொடியடுப்பில் மற்றொன்றை மெல்ல ஏற்றி இறக்கலாம். 1950களின் இறுதியில் உள்நாட்டில் உற்பத்தியாகத் தொடங்கிய இரண்டு பொருள்கள் நகர வீட்டின் கணக்கை மாற்றின. கோத்ரெஜ் குளிர்ப்பெட்டி 1958இலும், ஹாக்கின்ஸ் அழுத்தக் கொப்பரை 1959இலும் வந்தன. நடுத்தர வீடுகளை அவை எட்ட மேலும் பல ஆண்டுகள் ஆயின. பிரஷர் குக்கர் இறைச்சியின் வேக்காட்டை மீனின் நேரத்தை நோக்கிச் சுருக்கியது. குளிர்ப்பெட்டி காசிமேட்டு மீனையும் சைதாப்பேட்டை ஆட்டுத்தொட்டியின் கறியையும் ஒரே நாளுக்குக் காத்திருக்க வைத்தது. கோடம்பாக்கத்து அடுக்ககத்தில் இன்று ஒருவர் இரண்டையும் ஒரே இரவில் சமைக்க முடிவதற்கு வெளிநாட்டுக் காணொளியைவிட இவையே அடிப்படை.

வாடகை வீட்டில் வாழும் ஆய்வாளன் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்பகுதியில் வீடு தேடியபோது ‘சைவம் மட்டும்’ என்ற நிபந்தனையை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்களில் கேட்டேன். மீன் மட்டும் சமைக்கலாமா, கறி மட்டும் சமைக்கலாமா என்று எவரும் பிரித்துப் பேசவில்லை. நான் மேலே கூறிய எல்லை நூல்களில் மட்டும் இல்லை. வாடகை ஒப்பந்தத்திலும் இருக்கிறது.

சிங்க இறாலின் விலை

இவ்விருந்தின் தலைமைப் பொருளாகிய சிங்க இறால், கல் இறால் என்றும் வழங்கப்படுவது, தமிழகக் கடலோரத்தில் பிடிபடுவதுதான். கோவளம் முதல் கன்னியாகுமரி வரை பாறை நிறைந்த கரையோரங்களில் பிடிக்கப்படும் இது, கடந்த நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலிருந்து ஏற்றுமதிச் சரக்காகவே அறியப்பட்டது. அமெரிக்கத் தட்டுகளில் வாற்பகுதி மட்டும் இடம்பெற்றதற்கு ஒரு காரணம், உறையவைத்து நெடுந்தொலைவு அனுப்பத் தக்க பகுதி அதுவே என்பதாகும். மிகுதியாகப் பிடிக்கப்பட்டதால் வளம் குன்ற, 2003இல் நடுவண் வணிக அமைச்சகம் குறைந்த எடை கொண்டவற்றின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. கரையோரத்து வகையாகிய ‘பானுலிரஸ் ஹோமரஸ்’ குறைந்தது 200 கிராமும், ‘பானுலிரஸ் ஆர்னேட்டஸ்’ 500 கிராமும் இருக்க வேண்டும் என்பது விதி. இத்தடை ஏற்றுமதிக்கே உரியது. அளவில் சிறியவை உள்ளூர்ச் சந்தைக்கு வரும் வாய்ப்பை அது அடைக்கவில்லை. வீட்டில் இவ்விருந்தைச் சமைக்க விரும்புவோர் மீன் அங்காடியில் மலிவாகக் கிடைக்கும் குட்டிச் சிங்க இறாலை வாங்கும்போது இதை அறிந்திருப்பது நல்லது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. அந்நாட்களில் கோடம்பாக்கத்துச் சந்தையில் இறாலின் விலை ஏறும்; ஆட்டுக்கறியின் விலை அதனால் இறங்குவதில்லை. பிடிக்கும் நாட்களிலும் பெரிய சிங்க இறால் நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டு அடுப்பில் ஏறுவது அரிது. அது நேரே வணிகரிடம் எடைக்குச் செல்கிறது. வீட்டுக்கு வருவது நெத்திலியும் சங்கராவும், அத்தோடு அரிசியும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும். அகப்பொருள் விளக்கம் நெய்தலின் உணவைச் சொன்ன முறைப்படியே இது நடக்கிறது.